கெண்டைக்குப் போகும் ஞாயிறு

எட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு பெயரைத் தேவநாதனே சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் மனைவி தெய்வநாயகிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, வில்லியனூர்க் கடைத்தெருவில் தேவநாதனின் வாடகை சைக்கிள் கடை முன்னால் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்து ஆற்றில் தண்ணீர் தெளிந்ததும் ஏழு பேர் வண்டி கட்டிக்கொண்டு கெண்டை பிடிக்கப் போவது வழக்கம். இந்த வருடம் போக்கிடம் இல்லை. கார்த்திகை வெள்ளம் செஞ்சியாற்று மடுவில் மணலைக் கொட்டி மூடிவிட்டது. பெண்ணையாற்றுக்குப் போகலாம் என்றால், அங்கே எந்த மடுவில் ஆழம், எந்தத் துறையில் கால் புதையும், வாயோரம் மீசை வைத்த அந்தப் பெரிய கெண்டை எங்கே மேயும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"பாகூர்ல என் மச்சான் சுப்பராயலு இருக்காரு. அவருக்குத் தெரியாத மடு கெடையாது. அவரக் கூப்புடலாம்" என்றார் தேவநாதன்.

தையல்காரர் ஆதிமூலம் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

சுப்பராயலு தெய்வநாயகியின் அண்ணன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சிப்பாயாக இருந்தவர். ஐம்பத்து நாலாம் வருடம் சித்திரை மாதத்தில், விடுதலைக்காரர்களை வீடு வீடாகத் தேடிய நாட்களில், தங்கையின் புருஷனைத் தானே பிடித்துக்கொண்டு போனவர். வில்லியனூரில் அதை மறந்தவர்கள் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடிவதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும்.

காலையில் தேவநாதன் கூடத்தில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். அரிசி, புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், இரண்டு மண்சட்டி. தூண்டிலுக்குப் புண்ணாக்கும் கேழ்வரகு மாவும். வலை மூன்று.

எழுதும்போது இடது கை தாளின் மேல் கட்டைபோலக் கிடந்தது. அந்த மணிக்கட்டு மடங்காது. ஒரு காலத்தில் அந்த ஏழு பேரில் அவர் வீசும் வலைதான் வட்டமாக விரிந்து விழும். இப்போது அவருக்குத் தூண்டில் மட்டும்தான்.

"நாயகி, இன்னிக்கிப் பாகூர் போய்ட்டு வந்துடு. உங்க அண்ணனை ஞாயித்துக்கிழமைக்குக் கூப்புட்டுட்டு வா" என்றார்.

"நானா?"

"பின்ன யாரு? தங்கச்சி கூப்புட்டா வருவாரு."

தெய்வநாயகி அடுப்பங்கரை வாசலிலேயே நின்றாள். வயது நாற்பத்து மூன்று. இந்த எட்டு வருடத்தில் அண்ணனை அவள் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். ஒரு முறை அம்மாவின் சாவில், ஒரு முறை மதகடிப்பட்டுச் சந்தையில். அண்ணனும் தங்கையும் பேசாமல் இருப்பது புருஷனுக்காக என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படியே நினைக்க விட்டிருந்தாள்.

"ஒரு ஆத்துக்காகவா திடீர்னு மச்சான் உறவு?" என்று கேட்டாள்.

தேவநாதன் பென்சிலைக் காதில் செருகினார்.

"ஆத்துக்காக இல்ல. கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குது."

"இன்னாது?"

"வைக்கப்போர்ல நான் ஒளிஞ்சிருந்தது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உனக்கு, போருக்குச் சொந்தக்காரன் ஆதிமூலத்துக்கு. நேரா அந்தப் போருக்கு வந்து நின்னாங்க சிப்பாயிங்க. வேற எங்கியும் தேடவே இல்ல. யாரோ காட்டிக் கொடுத்திருக்கான்."

தெய்வநாயகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உத்தியோகத்துல இருந்தப்பக் கேட்டா அவரு சொல்லியிருக்கமாட்டாரு. இப்பப் பென்ஷன் வாங்கிட்டாரு, பயம் இல்ல. ஆத்தங்கரையில ஏழு பேரும் ஒக்காந்திருக்கறப்ப, ஆதிமூலத்தைப் பக்கத்துல வச்சிக்கினு கேக்கப்போறேன். சொன்னது யாரு மச்சான்னு."

"ஆதிமூலம் அப்படிப்பட்டவரா?"

"நீ சொல்லியிருக்கமாட்ட. மிச்சம் அவன்தானே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. புளியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டு ஒண்ணுமில்ல. அப்பால அவன் இந்த ஊர்ல தலை நிமுந்து துணி தைக்கட்டும் பாக்கலாம்."

ஒன்பது மணி பஸ்ஸில் அவள் கிளம்பினாள்.

*

கரிக்கலாம்பாக்கம் வரை பஸ். அதற்கு மேல் நடை. பாகூர் ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையில் நடந்துபோகும்போது, அண்ணனிடம் சொல்ல வேண்டியதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலே வார்த்தைதான். 'நீ வராதே, அண்ணே, ஞாயித்துக்கிழமை.'

சுப்பராயலு வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, பெரிய தொட்டியில் பனிச்சங்காய்ச் சாறு ஊற்றி அதில் வீச்சு வலையை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். நூல் மக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். முழங்கை வரை கறுப்பாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது.

தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையைத் துடைக்க எதுவும் அகப்படவில்லை.

"வா நாயகி. யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணே."

உள்ளேயிருந்து அண்ணி குப்பு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா நாளாச்சிடி!" என்று அழப் பார்த்து, அழாமல், மோர் கொண்டுவரப் போனாள். அவள் உள்ளே போகும்வரை தெய்வநாயகி காத்திருந்தாள்.

"அவரு உன்னைக் கூப்புட்டுட்டு வரச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை பெண்ணையாத்துக்குக் கெண்டை புடிக்கப் போறாங்க. நீ மடு காட்டணுமாம்."

சுப்பராயலுவின் முகத்தில் என்ன வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் குனிந்து வலையின் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தார். ஈயக் குண்டுகள் தொட்டியில் மோதிச் சத்தம் போட்டன.

"மாப்ளயே கூப்புட்டாரா? அவர் வாயாலயா?"

"ஆமா."

"நிசமாவா?"

"நிசந்தான். ஆனா நீ வராதே அண்ணே."

அவர் நிமிர்ந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றங்கரையில் ஏழு பேர் முன்னால் கேட்கப்போகும் கேள்வியைச் சொன்னாள். ஆதிமூலத்தின் மேல் இருக்கும் சந்தேகத்தைச் சொன்னாள். சுப்பராயலு குறுக்கே பேசாமல் கேட்டார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று ராத்திரி நாலு பேர் ஆற்றைக் கடந்து இந்திய யூனியன் பக்கம் போய்விடுவது என்று ஏற்பாடு. ஆற்றங்கரையில் துப்பாக்கியோடு காவல் போட்டிருக்கிறார்கள், கடப்பவனைச் சுட்டுவிடுவார்கள் என்று பகல் முழுக்க ஊரில் பேச்சு. பொழுது சாய்வதற்கு முன்னால் தெய்வநாயகி அண்ணனைத் தேடிப்போய், ஆதிமூலத்தின் வைக்கோல் போரைச் சொன்னாள். "நீயே புடிச்சிக்கினு போ. உயிரோட இருக்கட்டும்" என்று காலைப் பிடித்தாள்.

சுப்பராயலு இரண்டு சிப்பாய்களோடு போனார். தேவநாதன் போரிலிருந்து குதித்து ஓடி, காய்ந்த வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் இருட்டியதும் ஆற்றைக் கடந்தார்கள். யாரும் சுடவில்லை. கரையில் காவலே இல்லை என்று பிறகு தெரிந்தது.

"அன்னிக்கி நீ சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. குப்புக்குக்கூடத் தெரியாது" என்றார் சுப்பராயலு.

"தெரியும் அண்ணே."

"தங்கச்சி தாலியைப் பாக்காம புடிச்சியான்னு நம்ம அம்மாவே என்னைக் கேட்டுச்சு. சாவறப்பவும் என் கையால தண்ணி வாங்கிக்கல. அப்பவும் சொல்லல."

தெய்வநாயகி தரையைப் பார்த்தாள்.

"அதனாலதான் கேக்கறேன். இந்த ஒரு வாட்டி வராதே. ஒடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்."

"கூப்புட்டது அவரு, நாயகி. எட்டு வருசத்துல மொத வாட்டி. நான் வரலன்னா, அன்னிக்கிப் புடிச்சதும் போதாம இன்னிக்கி மதிக்கவும் இல்லன்னு ஆயிடும். நான் வருவேன்."

"வந்து? கேட்டா இன்னா சொல்லுவே?"

"உன் பேரச் சொல்லமாட்டேன். ஆனா ஆதிமூலமான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். செய்யாத ஆளு மேல பழி போட என் வாய் வராது." அவர் நிறுத்தி, தங்கையின் முகத்தைப் பார்த்தார். "நான் இல்லன்னு சொன்னா, அப்பால மிச்சம் யாருன்னு அவருக்கு எண்ணத் தெரியும்."

குப்பு மோர்ச் செம்போடு வந்தாள். பேச்சு நின்றது. தெய்வநாயகி மோரைக் குடித்தாள். உப்பு அதிகம் என்று தோன்றியது, சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி அண்ணி கெஞ்சினாள். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வழியனுப்ப ஏரிக்கரை வரை வந்த சுப்பராயலு, திரும்பும்போது ஒன்று சொன்னார்:

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது. எங்கிட்டருந்து கேக்கறதவிட, அதுக்குள்ள உங்கிட்டருந்து கேட்டா அவருக்கு நல்லது. எனக்கும் நல்லது."

*

வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மூன்றுக்கு மேல். தையற்கடை வாசலில் நின்றிருந்த ஆதிமூலம் அவளைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"தங்கச்சி, உங்க அண்ணன் வர்றாரா?"

"வர்றேன்னாரு."

"அப்பாடா!" ஆதிமூலத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இனிமேலாச்சும் தேவநாதன் மனசு எறங்கும். உனக்குத் தெரியாதது இல்ல. என் போர்ல வச்சுத்தானே புடிச்சாங்க? அன்னிலருந்து என் வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சது கெடையாது அவரு. ஆத்துக்குச் சேந்து வருவாரு, சிரிச்சிப் பேசுவாரு, என் வூட்டுப் படி மட்டும் ஏறமாட்டாரு. என் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தலோட திரும்பிட்டாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு இன்னிக்கி வரைக்கும் வெளங்கல."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல அண்ணே" என்றாள் தெய்வநாயகி.

அந்த வார்த்தை அவ்வளவு உறுதியாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஆதிமூலம் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். பிறகு, தூண்டிலுக்கு மாவு பிசைந்து சாயங்காலம் கடைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள்.

*

கடையில் வேறு யாரும் இல்லை. தேவநாதன் முக்காலியில் உட்கார்ந்து, காற்றடித்த ஒரு டியூபைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன காரியம் இன்னா ஆச்சு?"

"வர்றாரு."

"சரி."

"ஆனா நீங்க அவரை ஒண்ணும் கேக்க வேணாம். போர்ல நீங்க இருந்ததைச் சொன்னது ஆதிமூலம் இல்ல."

"உங்க அண்ணன் சொன்னாரா?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். சொன்னது நான்தான்."

டியூபில் ஓட்டை இருந்த இடத்திலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. தேவநாதன் அதை எடுக்கவில்லை.

"எப்ப?"

"அன்னிக்கி சாயங்காலம். நீங்க போர்ல ஏறினப்புறம்."

"இன்னா சொன்ன?"

"ஆத்தங்கரையில சுடப்போறாங்கன்னு எல்லாரும் பேசிக்கினாங்க. நீங்க கேக்கமாட்டீங்கன்னு தெரியும். செத்துப் போறதவிட ஜெயில்ல இருக்கட்டும்னு அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். அண்ணன் முதல்ல மாட்டேன்னாரு. நான்தான் காலப் புடிச்சேன்."

"சுட்டாங்களா?"

"இல்ல."

"இல்ல" என்று அவரும் சொன்னார். "மூணு பேரும் போய்ச் சேந்தாங்க. ஐப்பசியில பிரெஞ்சுக்காரன் போனதும் திரும்பி வந்தப்ப மேளம் வச்சு மாலை போட்டுக் கூட்டிக்கினு வந்தாங்க. நம்ம வூட்டு வழியாத்தான் ஊர்வலம் போச்சு. வைக்கப்போர்ல புடிபட்டவன்னு யாராச்சும் சிரிப்பாங்கன்னு நான் கதவச் சாத்திக்கினு உள்ள ஒக்காந்திருந்தேன். நீ பக்கத்துல இருந்த."

"இருந்தேன்."

"அப்ப சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"எட்டு வருசம். தெனமும் சொல்லியிருக்கலாம்."

அழுதால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. நிறுத்தக் கூடாது என்பதற்காக அழாமல் நின்றாள்.

அவர் டியூபை வெளியே எடுத்து, ஓட்டை இருந்த இடத்தைத் துணியால் துடைத்து, பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு டியூபை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஒரு வைக்கோல் வண்டி போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் போனார்கள். அவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"கையைப் பத்தி நான் பெருசா நெனச்சது இல்ல" என்றார் கடைசியில். "விழுந்தது நான். என் கையி, என் விதி. ஆனா அந்த ஆதிமூலம் பொண்ணு கல்யாணத்துல பந்தலோட திரும்பி வந்தேனே, அது யாரு கணக்கு?"

"என் கணக்கு."

"அவன் வூட்டுல எழவு விழுந்தப்பக்கூட வெளியில நின்னுட்டு வந்தேன்."

"அதுவும்."

"சும்மா சொல்லிட்டாப் போதுமா?"

"போதாது. இன்னா பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஆதிமூலம் வாழையிலையில் சுற்றிய பெரிய பொட்டலத்தோடு வந்து நின்றார். புண்ணாக்கு வாசனை கடை முழுக்கப் பரவியது.

"மாவு தயார். நல்லாப் பெசஞ்சிருக்கேன், தண்ணியில கரையாது. தங்கச்சி எல்லாம் சொல்லிச்சா? மச்சான் வர்றாரே!"

"சொல்லிச்சு" என்றார் தேவநாதன்.

"வண்டி ஞாயித்துக்கெழமை வெடியக்காலம் நாலு மணிக்கு என் வூட்டு வாசல்ல நிக்கும். கூட ஒரு ஆளு சேந்ததுனால சட்டியை வேற வண்டியில போட்டுடலாமான்னு பாத்தேன்."

"ரெண்டு வண்டியாவே கட்டச் சொல்லு. நாயகியும் வர்றா."

ஆதிமூலம் சிரித்தார். இத்தனை வருடத்தில் எந்தப் பெண்பிள்ளையும் அந்த வண்டியில் ஏறியதில்லை.

"தங்கச்சியா? ஆத்துக்கா? சோறாக்க நாங்க இல்லியா?"

"சோறாக்க இல்ல. உங்கிட்டப் பேசறதுக்கு."

"எங்கிட்டயா? அத இங்கியே பேசலாமே."

தேவநாதன் தெய்வநாயகியைப் பார்க்கவில்லை. அவள் கடைக்குள் வந்த நேரத்திலிருந்து அவர் அவளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"நான் உன்னை எட்டு வருசம் ஏழு பேருக்கு முன்னால தள்ளி வச்சேன் ஆதிமூலம். அந்த ஏழு பேருக்கு முன்னாலதான் அவ பேசணும். அவங்க அண்ணனும் இருக்கட்டும். பேசி முடிச்சப்புறம் அவ என்கூடத் திரும்பி வர்றாளா, அவங்க அண்ணன்கூடப் பாகூர் போறாளாங்கறதை அங்கியே முடிவு பண்ணிக்கலாம்."

ஆதிமூலத்தின் சிரிப்பு நின்றது. பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? இவரு இன்னா சொல்றாரு?"

தெய்வநாயகி அவர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். மாவின் ஈரம் இலை வழியாக உள்ளங்கையில் பட்டது.

"வண்டியில எனக்கு எடம் வைங்க அண்ணே" என்றாள். "நான் வரேன்."